கண்ணுலயும் கண்ணைச் சுத்தியும் வர்ற அபூர்வ பாக்டீரியா தொற்று: நம்ம திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிருதேன், நான் டாக்டர் இல்ல. கண் மருத்துவ உதவியாளரா அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திசையன்விளை பக்கமெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் கண் கேம்ப்லயும் ரொம்ப வருஷம் டார்ச் அடிச்சி கண்ணு பாத்தவன். கண்ணுல பூ விழுந்து வர்றவங்ககிட்ட "எப்ப ஆரம்பிச்சது, இதுவரை என்ன மருந்து போட்டீங்க"ன்னு கேப்பேன், முக்காவாசிப் பேரு சொல்ற கதை ஒண்ணுதான். முதல் பத்து நாளு என்ன கிருமின்னே பாக்காம மருந்து மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்க. அபூர்வமான கிருமியா இருந்தா அந்தப் பத்து நாள்லதான் கண்ணே போகுது. அதனாலதான் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் இங்கன எழுதி வைக்கேன்.

அபூர்வ தொற்றுன்னா எதைச் சொல்லுதீங்க? கண்ணு சிவந்தா எல்லாம் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. மெட்ராஸ் ஐ வைரஸ்ல வர்றது, பெரும்பாலும் தானா சரியாயிரும். கருவிழில புண்ணு வர்றது வேற. நம்ம தென் தமிழ்நாட்டுல அந்தப் புண்ணுல ஏறக்குறைய பாதி பூஞ்சைல வருது, மீதில பெரும்பகுதி நிமோகாக்கஸ், சூடோமோனாஸ் மாதிரி தெரிஞ்ச பாக்டீரியா. மதுரை மாவட்டத்துல 1993-க்கு எடுத்த கணக்குல வருஷத்துக்கு 1 லட்சம் பேர்ல 113 பேருக்கு கருவிழிப் புண்ணு வந்திருக்கு, இது அமெரிக்காவோட ஒப்பிட்டா பத்து மடங்கு. எல்லாம் வயக்காட்டு மண்ணு, நெல்லுத் தோகை, பனங்கருக்கு, மாட்டு வாலு பட்டு வர்றதுதான்.

இதுக்கு நடுவுல கொஞ்சமா வர்ற ஆளுங்கதான் நொகார்டியா, ஆக்டினோமைசிஸ், டிபி, டிபியோட சொந்தக்காரக் கிருமிகள், எலிக்காய்ச்சல் கிருமி, இப்படி. எண்ணிக்கைல கம்மி, ஆனா வழக்கமா போடுற ட்ராப்ஸுக்கு இதுங்க அசையாது. அதான் பிரச்சினையே.

சாதாரணக் கண்வலி இல்லன்னு வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்க?

வலி கூடிட்டே போகுதா, பார்வை மங்குதா, வெளிச்சத்தைப் பாக்க முடியலையா, கருவிழில வெள்ளையா புள்ளி தெரியுதா, கண்ணு முழி முன்னால தள்ளிட்டு நிக்கா, கண்ணை அசைச்சா வலிக்கா. இதுல ஒண்ணு இருந்தாக்கூட அன்னைக்கே போயிரணும். மெட்ராஸ் ஐல உறுத்தும், தண்ணியா ஒழுகும், ஆனா பீளையைத் துடைச்சிட்டுப் பாத்தா பார்வை பெரும்பாலும் தெளிவாத்தான் இருக்கும். நான் சொல்லிக் குடுக்கிறது இதுதான்: நல்ல கண்ணைக் கையால மூடிட்டு, நோவுற கண்ணால காலண்டர் தேதியைப் படிச்சிப் பாருங்க. நேத்து தெரிஞ்சது இன்னைக்குத் தெரியலன்னா ராத்திரியானாலும் கிளம்பிருங்க.

மெடிக்கல்ல கேட்டு ட்ராப்ஸ் வாங்கினோம். ரெண்டு நாள் நல்லா கேட்டுச்சு, அப்புறம் முன்னைவிட மோசமாயிட்டு. ஏன்?

பாட்டிலைக் கொண்டாங்க, சின்ன எழுத்தைப் படிச்சிப் பாப்போம். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், இதுல ஏதாவது இருக்கும். அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ன செய்யும்னா சிவப்பையும் வலியையும் உடனே அமத்திரும், அதனால கேட்ட மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கிற கிருமியை எதிர்த்துப் போராடுற நம்ம உடம்போட படையையும் சேத்து அமத்திரும். கிருமிக்கு அதைவிட என்ன வேணும். டாக்டர் சீட்டு இல்லாம இதைக் குடுக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா எங்க ஊர்ல ஒரு கடைல "கண்ணு மருந்து"ன்னு கேட்டா கையில எடுத்துக் குடுக்கிறதை நானே பாத்திருக்கேன், சண்டையும் போட்டிருக்கேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல. 2006-லருந்து 2010 வரைக்கும் பாக்டீரியா கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சேத்துக் குடுத்தா நல்லதான்னு பெரிய ஆராய்ச்சி ஒண்ணு நடந்துச்சு, மொத்தம் 500 பேரு, பெரும்பாலானவங்க மதுரை, கோயம்புத்தூர், நம்ம திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரில பாத்தவங்கதான். எல்லாருக்கும் முதல்ல ஆன்டிபயாடிக் குடுத்துத்தான் ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. மொத்தமா பாத்தா பெருசா நன்மையும் இல்ல கெடுதலும் இல்ல. ஆனா அந்த 500-ல 55 பேருக்கு நொகார்டியா இருந்துச்சு, அவங்களை மட்டும் பிரிச்சிப் பாத்தா ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு தழும்பு பெருசா போயிட்டு. டாக்டருங்க கண்காணிப்புல, ஆன்டிபயாடிக்கோட சேத்துப் போட்டே இப்படின்னா, நாமளே கடைல வாங்கி தனியா போட்டா என்னாகும்னு யோசிச்சிப் பாருங்க.

இதைப் படிச்சிட்டு ஸ்டீராய்டுன்னாலே விஷம்னும் நினைச்சிராதீங்க. கீழ எலிக்காய்ச்சல் கேள்வில அதே மருந்து எப்படி கண்ணைக் காப்பாத்துதுன்னு சொல்லிருக்கேன்.

கண்ணைச் சுரண்டி எடுக்கணும்னு சொல்லுதாங்க. பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்லிரலாமா?

சொல்லிராதீங்க. இந்தப் பக்கம் முழுக்க ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைக்க முடியும்னா இதை வச்சிக்கிடுங்க.

என்ன செய்வாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே சொல்லுதேன். முதல்ல மரத்துப் போற சொட்டு விடுவாங்க, ஒரு நிமிஷம் எரியும், அப்புறம் கண்ணுல ஒண்ணும் தெரியாது. ஸ்லிட் லேம்ப்னு நாடியை வச்சி உக்காருற மிஷின் முன்னால உக்கார வச்சி, மழுங்கலான சின்னக் கரண்டி மாதிரி ஒண்ணாலயோ பிளேடு நுனியாலயோ புண்ணோட ஓரத்துல லேசா வழிச்சி எடுப்பாங்க. எடுக்கிறது கடுகுல கால்வாசிகூட இருக்காது. அதைக் கண்ணாடித் தகட்டுல தேச்சி, ஒண்ணுல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டா பூஞ்சை தெரியும், இன்னொண்ணை கிராம் சாயம் போட்டா பாக்டீரியா தெரியும். மைக்ரோஸ்கோப்புல பாத்துச் சொல்ல அரை மணி நேரம், ஒரு மணி நேரம் போதும். மீதியை வளக்கிறதுக்கு தட்டுல கோடு கோடா இழுத்து வைப்பாங்க, அது முளைக்க ரெண்டு நாள் ஆகும், நொகார்டியான்னா ஒரு வாரம்கூட ஆகும். டாக்டருங்க வட்டமா தேய்க்காம சி எழுத்து மாதிரி இழுப்பாங்க, அந்தக் கோட்டு மேல முளைச்சாத்தான் கண்ணுல இருந்த கிருமி, வெளிய முளைச்சா காத்துல விழுந்தது. எவ்வளவு நுணுக்கம் பாருங்க.

இன்னொண்ணு, மேல படிஞ்சிருக்கிற கசடை வழிச்சி எடுத்தாலே மருந்து உள்ள இறங்க வழி கிடைக்கும். சுரண்டுறது டெஸ்ட் மட்டும் இல்ல, வைத்தியத்துலயும் பாதி.

ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போட்டிருந்தா மறைக்காம சொல்லுங்க. திட்டுவாங்கன்னு பயந்து மறைக்கிறவங்கதான் நிறைய. போட்டிருந்தா கிருமி முளைக்காது, அப்போ டாக்டர் ஒரு நாள் மருந்தை நிறுத்திட்டு மறுபடி எடுக்க வேண்டியதிருக்கும். புண்ணு பெருசா இருந்து கிருமி கிடைக்கவே இல்லன்னா கருவிழில குட்டியூண்டு சதை வெட்டி எடுத்துப் பாக்கிறதும் உண்டு.

நொகார்டியான்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அது என்ன, குணமாகுமா?

மண்ணுல வாழுற பாக்டீரியா. கெளை விட்ட நூலு மாதிரி இருக்கும், அதனால அவசரத்துல பாத்தா பூஞ்சைன்னு தோணும், பூஞ்சை மருந்து நேட்டாமைசின் மூணு வாரம் போட்டுட்டு கேக்கலன்னு வந்தவங்க உண்டு. இதுக்கு ஆசிட்டைக் கம்மியா, 1 சதவீதம்தான் போட்டு ஒரு சாயம் இருக்கு, டிபிக்குப் போடுற மாதிரியே, ஆனா மெதுவா. அதுல செவப்பு நூலா தெரியும். கண்ணுலயும் அடையாளம் உண்டு. குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் வட்டமா வரிசை கட்டி நிக்கும், பூமாலையைச் சுருட்டி வச்ச மாதிரி. ஒருதடவை களக்காட்டுல வாழைத்தோட்டத்துக்காரர் ஒருத்தர் கண்ணுல டார்ச்சை சாய்ச்சி அடிச்சப்போ அதைப் பாத்தேன், இன்னும் கண்ணுக்குள்ள நிக்கு. தார் வெட்டும்போது சருகு பட்டிருக்கு, மூணு வாரமா கடை ட்ராப்ஸ்.

மருந்து அமிக்காசின். ஊசி மருந்தா வர்றதை 2லருந்து 2.5 சதவீதம் வரைக்கும் கலந்து சொட்டு மருந்தா ஆஸ்பத்திரிலயே தயார் பண்ணுவாங்க. வழக்கமா முதல்ல எழுதுற மாக்ஸிபிளாக்ஸசின் இதுக்கு நம்பகமா வேலை செய்யாது. மெதுவா வளர்ற கிருமி, மெதுவாத்தான் சாகும். நாலு வாரம், ஆறு வாரம்னு போகும், பத்து நாள்ல "ஒண்ணும் முன்னேற்றம் இல்ல"ன்னு வேற ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. சீக்கிரம் வந்தவங்களுக்கு நல்லாவே குணமாகும், தோட்டக்காரர் திரும்ப தார் வெட்டப் போயிட்டாரு, லேசா தழும்பு மட்டும் உண்டு.

டிபியோட சொந்தக்காரக் கிருமின்னு மேல சொன்னேன்ல, மைக்கோபாக்டீரியம் செலோனே, அப்ஸெஸஸ்னு பேரு, அது இன்னும் பிடிவாதம். லேசர் போட்டு கண்ணாடி எடுக்கிற ஆபரேஷன், இமை ஆபரேஷன் இதுக்குப் பெறகு வாரக்கணக்குல கழிச்சி வரும். அமிக்காசினோட கிளாரித்ரோமைசின் மாதிரி இன்னொண்ணும் சேத்து மாசக்கணக்குல குடுப்பாங்க.

ஆச்சிக்கு ஒரு கண்ணுல மட்டும் ஒரு வருஷமா பீளை. போடாத ட்ராப்ஸ் இல்ல. போட்டா நிக்கும், விட்டா வரும்.

ஒரு கண்ணு மட்டும், மாசக்கணக்குல, வயசானவங்க. இந்த மூணும் சேந்தா எனக்கு மூக்கோரத்துல இருக்கிற கண்ணீர்க் குழாய் மேலதான் சந்தேகம் வரும். இமையோட உள்மூலைல ஊசி முனை அளவு ஓட்டை இருக்கு, கண்ணீர் அது வழியாத்தான் மூக்குக்கு இறங்குது. அந்தக் குழாய்க்குள்ள ஆக்டினோமைசிஸ்னு ஒரு பாக்டீரியா குடியேறி கல்லு மாதிரி கட்டிக்கிடும். ட்ராப்ஸ் அந்தக் கல்லுக்குள்ள போகாது, அதான் விட்டா திரும்ப வருது.

முக்கூடல்ல ஒரு ஆச்சி, பீடி சுத்துறவங்க. புகையிலைத் தூசினாலதான் கண்ணு ஒழுகுதுன்னு வீட்டுல எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க, ஆச்சியும் அப்படித்தான் நம்பிட்டிருந்தாங்க. கீழ் இமையைத் திருப்பிப் பாத்தா அந்த ஓட்டை உதட்டைக் குவிச்ச மாதிரி செவந்து புடைச்சி நிக்கு. டாக்டர் மரக்கிற ஊசி போட்டு ரெண்டு பஞ்சுக்குச்சியால அந்த இடத்தை அமுக்கினாரு, வெளிய வந்தது சீழ் இல்ல, ரவை! மஞ்சளா, கொரகொரன்னு, உப்புமாவுக்கு வறுத்து வச்ச ரவை மாதிரியே. அதுதான் அந்தக் கிருமியோட அடையாளம். அப்புறம் குழாயை லேசா கீறி உள்ள இருந்ததை எல்லாம் சுத்தமா சுரண்டி எடுத்து பென்சிலின் கலந்த தண்ணியால கழுவி விட்டாங்க. ஒரு வருஷ ஒழுகல் ரெண்டு வாரத்துல நின்னுட்டு. ஆச்சி அதுக்குப் பெறகு தெருவுல யாருக்குக் கண்ணு ஒழுகினாலும் கையைப் பிடிச்சி என்கிட்ட கூட்டிட்டு வந்துருவாங்க.

சுரண்டி எடுக்காம ட்ராப்ஸ் மட்டும் போட்டா இது போகவே போகாது.

பிள்ளைக்கு சளி பிடிச்சிருந்துச்சு, இன்னைக்குக் காலைல ஒரு கண்ணு இமை வீங்கி மூடிட்டு. பூச்சி கடிச்சிருக்கும்னு மைனி சொல்லுதாங்க.

பூச்சிக்கடியாவும் இருக்கலாம். ஆனா சளி, காய்ச்சலோட இமை வீங்கினா நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

இமைக்குள்ள ஒரு மெல்லிசான திரை இருக்கு. தொற்று திரைக்கு முன்னாலயே நின்னா இமை மட்டும் வீங்கும், முழி நல்லா இருக்கும், மாத்திரைலயே பெரும்பாலும் சரியாயிரும். திரைக்குப் பின்னால போயிட்டா அது வேற நோய், பேரு ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ். எப்படிப் போகுதுன்னா, கண்ணுக்கும் மூக்குப் பக்கத்து சைனஸுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு, டாக்டருங்க அதுக்கு வச்சிருக்கிற லத்தீன் பேருக்கே காகிதத் தகடுன்னுதான் அர்த்தம். பிள்ளைகளுக்கு சளி சைனஸுல தேங்கி சீழ் பிடிச்சா அந்தக் காகிதத்தைத் தாண்டுறது பெரிய வேலை இல்ல.

அதனால இமையைப் பாக்காதீங்க, இமையைத் தூக்கி முழியைப் பாருங்க. முழி முன்னால தள்ளிருக்கா? "என் விரலைப் பாரு"ன்னு இடமும் வலமும் மேலயும் கீழயும் ஓட்டுங்க, முழி கூடவே வருதா, வலிக்குன்னு அழுதா? ஒண்ணு ரெண்டா தெரியுதுங்கா? செவப்பு கலரு நோவுற கண்ணுல வெளிறித் தெரியுதா? ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னா அது எமர்ஜென்சி. ஆஸ்பத்திரில படுக்க வச்சி நரம்பு வழியா ஆன்டிபயாடிக் போடுவாங்க, சிடி ஸ்கேன் எடுத்து சீழ் கட்டியிருக்கான்னு பாப்பாங்க, கட்டியிருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியா போயி வடிப்பாரு. ஊசியும் மாத்திரையுமா சேத்து ரெண்டு மூணு வாரம் ஆகும். காலம் கடத்தினா பார்வை நரம்பு நசுங்கும், அங்கருந்து மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல உறைஞ்சா உயிருக்கே ஆபத்து.

முன்னால பிள்ளைகளுக்கு இது ஹிப்னு சொல்ற கிருமினால நிறைய வந்துச்சு. 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் இந்தியாவுலயே முதல்ல அந்த ஊசியைச் சேத்து அஞ்சு நோய்க்கு ஒரே தடுப்பூசியா அரசாங்கம் போட ஆரம்பிச்சாங்க. ஒண்ணரை, ரெண்டரை, மூணரை மாசத்துல போடுறது அதுதான். விட்டுராதீங்க.

முகத்துல, மூக்கு பக்கத்துல வர்ற கட்டியைப் பிதுக்குறதும் மேல சொன்ன அதே ரத்தக்குழாய் வழில கிருமியை உள்ள தள்ளும்.

இமைத்தோல் கறுத்துட்டு வருது. இது என்ன?

மூணு விஷயத்தை நினைக்கணும், மூணுமே வீட்டுல வச்சிப் பாக்கிற விஷயம் இல்ல.

தோலு செவந்து, மணிக்கணக்குல பரவி, நீர்க்கொப்புளம் வந்து கறுத்தா, வலி பாக்கிற காயத்தைவிட ரொம்ப அதிகமா இருந்தா, அது தசையைத் தின்னுற தொற்று, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பென்சிலினோட கிளிண்டாமைசின் சேத்துக் குடுப்பாங்க, கிளிண்டாமைசின் அந்தக் கிருமி விடுற விஷத்தையே நிறுத்தும். செத்த தோலை வெட்டியும் எடுக்கணும். இமைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கிறதனால உடம்புல மத்த இடத்தைவிட இங்க தப்பிக்கிறவங்க அதிகம், ஆனா சீக்கிரம் வந்தாத்தான்.

ஆடு மாடு தோலு உரிக்கிறவங்க, கிடை போடுறவங்க, செத்த ஆட்டைத் தொட்டவங்களுக்கு இமைல கரியாட்டம் பொருக்கு, வீக்கம் பயங்கரமா இருக்கு ஆனா வலியே இல்லன்னா ஆந்த்ராக்ஸ். ரொம்ப அபூர்வம். சிப்ரோபிளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் நல்லா கேக்கும். ஆட்டைத் தொட்டதை டாக்டர்கிட்ட சொல்லணும், அவரா கேக்கத் தோணாது.

மூணாவது, சுகர் கூடிப் போனவங்களுக்கு மூக்கு, இமை, அண்ணம் கறுக்கிறது. 2021-ல கொரோனாவோட வந்துச்சே கறுப்புப் பூஞ்சை, அது. பாக்டீரியா இல்ல, ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாது, அதனாலதான் இங்கயும் சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாத்தே ஆகணும்.

வெள்ளம் வந்து போன பிறகு காய்ச்சல் வந்துச்சு, சரியாயிட்டு. ரெண்டு மாசம் கழிச்சி கண்ணு மங்குது. சம்பந்தம் உண்டா?

உண்டு. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணில நடந்தா கால் வெடிப்பு வழியா ஏறும். 1993 கடைசில பெஞ்ச மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு மதுரைல கண்ணுக்குள்ள அழற்சியோட வரிசையா ஆளுங்க வர, அரவிந்த் டாக்டருங்கதான் அது எலிக்காய்ச்சலோட தொடர்ச்சின்னு கண்டுபிடிச்சாங்க, 73 பேரைப் பத்தி 1997-ல எழுதினாங்க. காய்ச்சல் போயி வாரங்களோ மாசங்களோ கழிச்சி கண்ணுல வரும்ங்கிறதை அதுலதான் நம்ம பக்கம் தெரிஞ்சிக்கிட்டோம்.

நமக்கு 2023 டிசம்பர் 17, 18 மறக்குமா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஆறே திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஓடுச்சு. அப்படித் தண்ணில நின்னவங்க, கார் பிசானம் ரெண்டு பூவும் நடவு வயல்ல இறங்குறவங்க, கண்ணு மங்குனா அந்தக் காய்ச்சலை நினைவு வச்சிச் சொல்லுங்க.

இதுலதான் ஸ்டீராய்டு நல்லவன். கிருமியைவிட அதுக்கு எதிரா உடம்பு போடுற சண்டைதான் கண்ணைக் கெடுக்குது, அதனால ஸ்டீராய்டு ட்ராப்ஸ், கண்ணுப் பாப்பாவை விரிக்கிற ட்ராப்ஸ் ரெண்டும் குடுப்பாங்க, தேவைப்பட்டா டாக்ஸிசைக்ளினும் சேப்பாங்க. பெரும்பாலானவங்களுக்குப் பார்வை திரும்பிரும்.

கண்ணுல டிபி வருமா? நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு எக்ஸ்ரேல சொல்லிட்டாங்களே.

வரும், எக்ஸ்ரே சுத்தமா இருந்தும் வரும். கண்ணுக்குள்ள பின்பக்கத் திரைல, ரத்தக்குழாய்ல, கண்ணீர்ச் சுரப்பில எங்க வேணா வரலாம். மருந்து நெஞ்சு டிபிக்குக் குடுக்கிற அதே நாலு மருந்துதான், ஆறு மாசமோ அதுக்கு மேலயோ, அரசாங்கத்துல இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாயும் உண்டு. ஒண்ணு மட்டும் கவனிங்க: அதுல எத்தாம்பியூட்டால்னு ஒரு மருந்து சிலருக்கு பார்வை நரம்பைப் பாதிக்கும். முதல்ல செவப்பும் பச்சையும் குழம்பும். அப்படித் தோணினா தானா நிறுத்தாம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதை மட்டும் நிறுத்தி மத்ததைத் தொடருவாங்க.

பிறந்து மூணு நாளான பிள்ளைக்கு கண்ணு நிறைய சீழ். தாய்ப்பால் விட்டாப் போதுமா?

போதாது, விடவும் வேண்டாம். ரெண்டாம் நாள்லருந்து அஞ்சாம் நாளுக்குள்ள இமையைத் திறந்தா சீழ் பீய்ச்சுற மாதிரி வந்தா அது பிரசவத்துல தாய்கிட்டருந்து வந்த கோனோகாக்கஸா இருக்கலாம், அந்தக் கிருமி கீறலே இல்லாத கருவிழியையும் துளைச்சிட்டுப் போகும், ஒரே நாள்ல. ஆஸ்பத்திரில செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டு, கண்ணை அடிக்கடி உப்புநீரால கழுவுவாங்க. தாய்க்கும் தகப்பனுக்கும் மருந்து குடுக்கணும், இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

காட்ராக்ட் ஆபரேஷன்ல தொற்று வருமாமே?

வரும், ஆனா ரொம்பக் கம்மி. ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளயே மாக்ஸிபிளாக்ஸசின் விடுற பழக்கம் வந்த பிறகு அரவிந்த்ல 6 லட்சத்துக்கு மேல ஆபரேஷனைக் கணக்குப் பாத்து 2017-ல சொன்னாங்க, 0.07 சதவீதம் இருந்தது 0.02 ஆயிட்டு. அதாவது 10,000 பேர்ல 7 பேருக்கு வந்தது 2 பேராயிட்டு. பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க, ஆனா ஆபரேஷனுக்குப் பெறகு வலி கூடி பார்வை குறைஞ்சா "ரெவ்யூ தேதி அடுத்த வாரம்தானே"ன்னு காத்திருக்காதீங்க. கண்ணுக்குள்ளயே வான்கோமைசின், செஃப்டாஸிடிம் ஊசி போடணும், மணிக்கணக்குதான்.

இதைவிட எனக்குப் பயம் பட்டறைல சுத்தியல் அடிக்கும்போது தெறிக்கிற இரும்புத் துணுக்கு. மண்ணோட உள்ள போனா பேசில்லஸ்னு ஒரு கிருமி ஒண்ணு ரெண்டு நாள்ல கண்ணையே எடுத்துரும். வெளிய காயமே தெரியாது. தெறிச்சதுன்னு தெரிஞ்சாலே போகணும்.

ட்ராப்ஸே கெட்டுப் போயிருந்தா?

நடந்திருக்கு. 2022, 2023-ல நம்ம தமிழ்நாட்டுல தயாராகி அமெரிக்காவுக்குப் போன ஒரு கண்ணீர்ச் சொட்டு மருந்துனால எந்த மருந்துக்கும் லேசுல அடங்காத சூடோமோனாஸ் பரவி 18 மாநிலத்துல 81 பேருக்கு வந்துச்சு, 4 பேரு இறந்தாங்க, 14 பேருக்குப் பார்வை போயிட்டு, 4 பேருக்கு கண்ணையே எடுக்க வேண்டியதாயிட்டு. வீட்டுல நாம செய்ய முடிஞ்சது, மூடி திறந்த தேதியை பாட்டில் மேலயே எழுதி ஒரு மாசத்துல தூக்கிப் போடுறது, நுனியை இமைல முட்டாம விடுறது, ஒரே பாட்டிலை வீட்டுல நாலு பேரு போடாம இருக்கிறது.

நந்தியாவட்டைப் பூ, வெளக்கெண்ணெய், நாக்கால தூசி எடுக்கிறது?

கண்ணை மூடி மேல பூவை வச்சிக்கிடுறதுல குளிர்ச்சியா இருக்கும், அதுல எனக்கு சண்டை இல்ல. உள்ள எதையும் பிழிஞ்சி விடாதீங்க. நாக்கால எடுக்கிறது வாயில இருக்கிற கிருமியை நேரா கீறல்ல தடவுறது. தூசின்னா சுத்தமான தண்ணில கழுவுங்க, முள்ளு குத்தி நிக்குன்னா பிடுங்காம அப்படியே வாங்க. வயல்ல லேசா கீறல் பட்டா அன்னைக்கே குளோரம்பெனிகால் ஆயின்மென்ட் மூணு நாள் போட்டா புண்ணா மாறாம தடுக்கலாம்னு நேபாளத்துல பக்தபூர்லயும் நம்ம மதுரைப் பக்கமும் கிராமத்து ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்து செஞ்சி காட்டிருக்காங்க. கீறல்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும், அதுக்கு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும்.

எங்க போகணும்?

ஜங்ஷன்ல அரவிந்த் 1988-லருந்து இருக்கு. அதை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமியே நம்ம எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கண்ணுக்குத் தனிப் பிரிவு இருக்கு, காது மூக்கு, ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகம், முழி தள்ளின கேஸுக்கு அது பெரிய வசதி. எங்க போனாலும் பழைய ட்ராப்ஸ் பாட்டிலை எல்லாம், காலியானதையும், ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போங்க.

ஒரு மணிக்கு ஒருக்கா ராத்திரியும் போடச் சொல்லிருக்காங்க. எப்படி முடியும், எத்தனை நாளைக்கு?

பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்தான் அப்படி, அப்புறம் குறைப்பாங்க. அந்த ரெண்டு நாளுக்கு வீட்டுல ரெண்டு பேரு முறை வச்சிக்கிடுங்க, 2 மணி வரைக்கும் ஒருத்தர், அப்புறம் ஒருத்தர், போன்ல அலாரம். நோயாளி எந்திரிச்சி உக்கார வேண்டியதில்ல, நீங்க கையைக் கழுவிட்டு, அவங்க படுத்த வாக்குலயே கீழ் இமையை இழுத்து பள்ளத்துல ஒரு சொட்டு, அப்புறம் உள்மூலையை விரலால ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. ஒண்ணே போதும், ரெண்டாவது சொட்டு கன்னத்துலதான் வழியும். ரெண்டு மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. ஆஸ்பத்திரில கலந்து குடுத்த மருந்தை பிரிட்ஜ் கதவுல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீடுன்னா முதல்லயே அங்க சொல்லிருங்க, வார்டுல படுக்க வச்சிப் போடுவாங்க. ஒரு வாரத்துல மருந்து மீதி இருந்தாலும் புதுசு கேட்டு வாங்கிக்கிடுங்க, நிறம் மாறிட்டுன்னா அதுக்கு முன்னாலயே. ஒரு நோட்டுல மணியைக் குறிச்சி பக்கத்துல டிக் போட்டு வாங்க, ரெவ்யூக்குப் போகும்போது டாக்டர் முதல்ல பாக்கிறது அந்த நோட்டாத்தான் இருக்கும்.